நோயாளிக்குத் தெரிந்த பாட்டு

இலங்கையின் தேயிலை மலையகத்தில், ஹட்டனிலிருந்து பொகவந்தலாவை வரையுள்ள குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் அவ்வப்போது சுற்றிவரும் பட்டியல் ஒன்று உண்டு. இன்ன இராகத்தைக் கேட்டால் இரத்த அழுத்தம் இறங்கும், இன்ன இராகத்தால் சீனி வருத்தம் தணியும், இன்னொன்றால் மூட்டுவலி போகும் என்று வரிசையாக எழுதி, கீழே கைகூப்பும் படம் ஒன்றையும் போட்டு, பத்துப் பேருக்கு அனுப்பும்படி கேட்டிருப்பார்கள். இசைக்கு உடலையும் மனத்தையும் ஆற்றும் வலிமை உண்டு என்று நம்புகிறவன் நான்; அந்த நம்பிக்கையினாலேயே இந்தப் பட்டியல் எனக்கு உவப்பாக இல்லை. இராகத்தைக் குளிசையாகவும் நோயைப் பூட்டாகவும் எண்ணிக்கொண்டு, எந்தப் பூட்டுக்கு எந்தச் சாவி என்று தேடுகிறவர்கள், பாட்டைக் கேட்கும் மனிதர் யார், அவருடைய காதில் ஏற்கெனவே என்ன பாட்டு இருக்கிறது என்ற கேள்வியைக் கேட்பதேயில்லை.

இப்பட்டியலை ஆதரிப்பவர்கள் வழக்கமாக முத்துசுவாமி தீட்சிதரின் கதையைச் சான்றாகக் காட்டுவார்கள். அவருடைய சீடர் சுத்த மத்தளம் தம்பியப்பன் தீராத வயிற்றுவலியால் துன்புற்றபோது, அவருக்காக வியாழ பகவான் மீது தீட்சிதர் அடாணா இராகத்தில் ஒரு கிருதியை இயற்றினார் என்றும், சீடர் அதைப் பாடிப் பாடிக் குணமடைந்தார் என்றும், நவக்கிரகக் கிருதிகள் அவ்வாறே தொடங்கின என்றும் அக்கதை கூறும். கதையை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குணமானவர் ஒரு மத்தளக் கலைஞர். அந்த இசைக்குள்ளேயே வளர்ந்து, அதையே தொழிலாகக் கொண்டவர். அக்கிருதியைத் தம் வாயாலேயே பாடியவர். மஸ்கெலியாவில் நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்துவிட்டு, வாழ்நாளில் கர்நாடக இசைக் கச்சேரி ஒன்றையும் கேட்டிராத ஒரு பாட்டியின் காதருகே கைபேசியில் அடாணாவை ஒலிக்கவிடுவதற்கும் அந்தக் கதைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

நம் இலக்கியத்தில் இதைவிடத் தெளிவான காட்சி புறநானூற்றின் 281ஆம் பாட்டில் இருக்கிறது. அரிசில் கிழார் பாடியது. போரில் புண்பட்ட வீரன் ஒருவன் வீட்டில் கிடக்கிறான். அவன் மனைவி தோழியை அழைக்கிறாள்: மனையில் இரவந் தழையையும் வேப்பிலையையும் செருகுவோம், யாழும் பிற இசைக்கருவிகளும் ஒலிக்கட்டும், வெண்சிறுகடுகைத் தூவுவோம், ஆம்பற்குழல் ஊதுவோம், மணியை ஒலிப்போம், காஞ்சிப் பண் பாடுவோம், நறும்புகை எழுப்புவோம், இவ்வாறு அவன் புண்ணைக் காப்போம் என்கிறாள். வேம்பும் புகையும் இசையும் அங்கே ஒரே வேலையின் பகுதிகளாக இருக்கின்றன. பாடுகிறவர்கள் அவனுடைய வீட்டார். பாடும் இடம் அவனுடைய வீடு.

எங்கள் மலைகளிலும் இத்தகைய மரபுகள் ஒன்றுக்கு மேற்பட்டவை உண்டு. கண்டிச் சிங்களவரின் கொஹொம்பா கங்காரிய சடங்கு, பண்டுவாசுதேவ மன்னனைப் பிடித்த நோயை நீக்குவதற்காக முதன்முதலில் நடத்தப்பட்டது என்பது அவர்களுடைய தொன்மம். இன்று பெரஹராவிலும் மேடைகளிலும் நாம் காணும் கண்டிய நடனமும் ‘கெட்ட பெர’ என்ற மேளத்தின் முழக்கமும் அச்சடங்கிலிருந்து கிளைத்தவை என்பார்கள். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் அம்மை கண்டவருக்காகப் பாடப்படும் தாலாட்டும், வேப்பிலை கட்டிய வாசலும் எங்கள் பக்கத்தில் அதே எண்ணத்தின் வேறு வடிவங்கள். இவற்றால் கிருமி செத்தது என்று நான் வாதிடப் போவதில்லை. நோய்ப்பட்டவரைத் தனியே விடாமல், தெரிந்த குரல்களால் சூழ்ந்துகொள்ளும் வழக்கம் இம்மலைகளில் இருமொழிக்காரர்களுக்கும் இருந்தது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

மருத்துவ ஆய்வுகள் இப்போது என்ன சொல்கின்றன? அறுவைச் சிகிச்சைக்கு உட்பட்டவர்களுக்கு இசையைக் கேட்கச் செய்து நடத்தப்பட்ட 73 சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்த கட்டுரையொன்று 2015ஆம் ஆண்டு லான்செட் இதழில் வெளியானது. இசை கேட்டவர்களுக்கு வலியும் பதற்றமும் குறைந்திருந்தன. வலிநிவாரணி மருந்தின் தேவையும் குறைந்தது. பொது மயக்கத்தில் இருந்தபோது இசை ஒலித்தவர்களுக்குக்கூட ஓரளவு பயன் கிடைத்தது. ஆனால் அவர்கள் மருத்துவமனையில் தங்கியிருந்த காலம் குறையவில்லை. எந்த வகை இசை, எந்த நேரத்தில் என்பவை பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை. இராகப் பட்டியலை நம்புகிறவர்களுக்கு இந்தக் கடைசி முடிவு சங்கடமானது. எனக்கும் சற்றே சங்கடமானதுதான், ஏனெனில் நோயாளிக்குச் சொந்தமான பாட்டே சிறந்தது என்ற என் வாதத்துக்கும் அது முழு ஆதரவு தரவில்லை. ஆயினும் கிளாஸ்கோவில் நடந்த ஓர் ஆய்வில், பனிபோல் குளிர்ந்த நீரில் கையை வைத்திருக்கச் சொல்லப்பட்டவர்கள், ஆய்வாளர் தேர்ந்தெடுத்த அமைதியான இசையைக் கேட்டபோது தாங்கியதைவிடத் தமக்குப் பிடித்த பாட்டைக் கேட்டபோது கூடுதல் நேரம் தாங்கினார்கள். வலி தம் கட்டுக்குள் இருப்பதாகவும் உணர்ந்தார்கள். வலி விடயத்தில் கணக்கு இன்னும் முடியவில்லை என்று வைத்துக்கொள்வோம். பேச்சு, நினைவு, நடை என்று வரும்போதுதான் தெரிந்த பாட்டின் அருமை புலப்படுகிறது.

மோசார்ட்டைக் கேட்டால் குழந்தைக்கு அறிவு கூடும் என்ற கதையையும் இங்கேயே முடித்துவிடலாம். 1993இல் நேச்சர் இதழில் வந்த அந்தச் சிறிய ஆய்வில் பங்குபற்றியவர்கள் கல்லூரி மாணவர்கள், குழந்தைகள் அல்லர். அவர்களுக்குக் கிடைத்த பயனும் கால் மணி நேரத்தைத் தாண்டவில்லை. அதற்குள் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநில ஆளுநர் பிறக்கும் குழந்தைக்கெல்லாம் இசைத்தட்டு வழங்க முற்பட்டார். வாட்ஸ்அப் இல்லாத காலத்திலும் வாட்ஸ்அப் புத்தி இருந்திருக்கிறது.

என் பெரியப்பா எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து வாத்தியாராக இருந்தவர். மாசி மாதத்தில் கம்பம் நட்டது முதல் மதனை எரிக்கும் இரவு வரை தோட்டமே அவருடைய குரலுக்குக் கட்டுப்பட்டிருக்கும். சிவனின் தவத்தைக் கலைக்கப் போக வேண்டாம் என்று ரதி மதனைத் தடுக்கும் இடமும், அவன் எரிந்த பின் அவள் புலம்பும் இடமும் அவர் பாடக் கேட்டால், அடுத்த நாள் விடியலில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போக வேண்டியவர்கள்கூட எழுந்து போகமாட்டார்கள். எழுபதைக் கடந்த வயதில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன, பேச்சும் போயிற்று. மற்றவர் சொல்வது விளங்கியது. பதில் சொல்ல வாயெடுத்தால் ஓர் ஒலி மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. வீட்டுக்கு அழைத்து வந்த பின் ஒரு நாள் மாலை, யாரோ விளையாட்டாகக் கூத்துப் பாட்டின் முதலடியை எடுத்துக் கொடுக்க, அவர் அடுத்த அடியைப் பாடினார். அடுத்ததையும் பாடினார். சொற்கள் முழுமையாக, தாளம் பிசகாமல் வந்தன. வீட்டிலிருந்தவர்களுக்கு மகிழ்ச்சியைவிடத் திகைப்பே மேலோங்கியது. “பாட்டு வருது, தண்ணி கேக்க வரலியே தம்பி, நடிக்கிறாரா?” என்று பெரியம்மா என்னிடம் தனியே கேட்டார்.

அவர் நடிக்கவில்லை. மூளையின் இடப்பக்கத்தில் பேச்சை உருவாக்கும் பகுதி பாதிக்கப்பட்டவர்களில் சிலர், ஒரு சொல்லைப் பேச முடியாத நிலையிலும் பழைய பாட்டைச் சொற்களோடு பாடுவார்கள் என்பது மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிந்த செய்தி. பாடுவதில் மூளையின் வலப்பக்கமும் பெரும் பங்கெடுப்பதாலும், மனப்பாடமான பாட்டு புதிதாகக் கட்டப்படும் வாக்கியத்தைவிட வேறு வழியில் வெளிவருவதாலும் இவ்வாறு நிகழ்கிறது என்று விளக்குகிறார்கள். எந்தக் காரணம் எவ்வளவு என்பதில் ஆய்வாளரிடையே வழக்கு தீரவில்லை. 1973ஆம் ஆண்டு பொஸ்டனில் அல்பர்ட், ஸ்பார்க்ஸ், ஹெல்ம் ஆகிய மூவர் இதைச் சிகிச்சை முறையாக்கினார்கள். அன்றாடம் தேவைப்படும் சிறு தொடர்களை ஏற்றத்தாழ்வுள்ள இரண்டொரு சுரங்களில் இழுத்துப் பாடச் சொல்லி, ஒவ்வோர் அசைக்கும் நோயாளியின் இடக்கையைத் தட்டச் செய்து, பிறகு படிப்படியாகப் பாட்டைக் குறைத்துப் பேச்சை மிஞ்சவிடுவது அம்முறை.

பெரியப்பாவைப் பார்த்த பேச்சுச் சிகிச்சையாளர் இம்முறையின் அடிப்படையை என் அக்காவுக்குக் கற்றுக்கொடுத்தார். மாதத்துக்கு ஒரு முறை கிளினிக்குக்குப் போவதால் மட்டும் நடக்கக்கூடிய வேலை இதில்லை என்பதையும் அவரே சொன்னார். ரதி புலம்பலின் மெட்டை எடுத்து அதில் “தண்ணி வேணும்” என்பதையும் “வலிக்குது” என்பதையும் வைத்து அக்கா பாடினார். துக்கம் நிறைந்த அந்த மெட்டில் தேத்தண்ணி கேட்பதை அயல் வீட்டுக் காம்பராப் பிள்ளைகள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள், பெரியப்பாவும் சிரித்தார். தப்பு என்ற பறையை அடித்த கையாதலால் தாளம் அவரிடம் குறைவின்றி இருந்தது. இடக்கை விரல்கள் கட்டிற் சட்டத்தில் தட்டத் தட்ட, சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. முழுப் பேச்சு திரும்பவேயில்லை. தண்ணி, போதும், வலி, அக்காவின் பெயர், இன்னும் சில சொற்கள் வந்தன; வாயில்லாதவராய் ஒரு வீட்டில் கிடப்பதற்கும் இத்தனை சொற்களோடு கிடப்பதற்கும் இருக்கும் தூரம் மிகப் பெரிது.

ஹெல்சிங்கியில் சர்காமோ என்பவரும் அவருடைய குழுவினரும் நடத்தி 2008இல் பிரெய்ன் இதழில் வெளியிட்ட ஆய்வை நான் பிற்பாடுதான் படித்தேன். பக்கவாதம் வந்து சில நாட்களே ஆனவர்களை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு அவர்கள் விரும்பிய பாட்டுகளையும், இன்னொரு பிரிவினருக்கு ஒலிநூல்களையும் இரண்டு மாதங்கள் நாள்தோறும் கேட்கச் செய்தார்கள். மூன்றாம் பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். பாட்டுக் கேட்டவர்களுடைய சொல் நினைவும் கவனமும் மற்றவர்களைவிட நன்றாகத் தேறின. அவர்களிடம் மனச்சோர்வும் குறைவாக இருந்தது. பாட்டுகளைத் தேர்ந்தெடுத்தவர்கள் நோயாளிகளே என்பதை நான் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்.

நடைப் பயிற்சியிலும் பெரியப்பாவின் பழைய தொழில் கைகொடுத்தது. சீரான தாளத்தைக் காதில் கேட்கும்போது காலின் தசைகள் அந்தத் தாளத்தின் அடுத்த அடியை எதிர்பார்த்துத் தாமே ஆயத்தமாகின்றன என்பதையும், பக்கவாதத்தாலும் பார்க்கின்சன் நோயாலும் குலைந்த நடை இதனால் சீராகின்றது என்பதையும் மைக்கேல் தாவுட் என்பவர் 1990களில் அமெரிக்காவின் கொலராடோவில் ஆராய்ந்து காட்டினார். முதலில் நோயாளி நடக்கும் வேகத்துக்கே தாளத்தை அமைத்து, அவர் அதில் நிலைபெற்ற பின் சற்றே கூட்டுவார்கள். வழக்கமாக இதற்குத் தாளமானி என்ற கருவியைப் பயன்படுத்துவார்கள். எங்களுக்குப் பயிற்சி சொல்லித்தந்த பிசியோதெரபி மிஸ் மேசையில் கையால் தட்டினார். வீட்டிலோ பரண்மேல் கிடந்த தப்பை இறக்கி, அனல் காட்டி வார்ப்பிடித்து, பேரன் அடித்தான். அவனுக்கு நன்றாகத் தெரிந்த அடி சாவு வீட்டு அடிதான், ஏனென்றால் தோட்டத்தில் அதைத்தான் அவன் அதிகம் கேட்டிருக்கிறான். நோயாளி இருக்கும் வீட்டில் அந்த அடி விழவே கூடாது என்று பெரியம்மா தடுத்துவிட்டார். சாமி அடியை நிதானமாக்கி அடித்தபோது, பெரியப்பா ஊன்றுகோலோடு வாசற்படியிலிருந்து தண்ணீர்ப் பீலி வரை நடந்தார். அவன் அடியில் பிழை விட்டால் நின்று முறைப்பார்.

தப்பைப் பற்றி இவ்வளவு எழுதிய பின் அதன் மறுபக்கத்தை எழுதாமல் விடுவது நேர்மையாகாது. விடியுமுன் லயங்கள் என்ற வரிசை வீடுகளை எழுப்பித் தொழிலாளரைப் பிரட்டுக் களத்துக்கு அழைத்தது இந்தத் தப்புதான். துரைமாரின் காலத்தில் அது கட்டளையின் ஒலி. சாவுக்கும் சாமிக்கும் அதை அடிக்கும் கடமை ஒரு சாதியார்மீது சுமத்தப்பட்டிருந்தது. அவர்களுடைய பிள்ளைகள் இன்று அடிக்க மறுப்பதில் எனக்கு முழு உடன்பாடு. நோய் தீர்க்கும் கருவி என்று புதுப் பெயர் சூட்டி அதே தோள்களில் மீண்டும் அதை மாட்டக் கூடாது. விரும்பிய எவரும், எந்தக் குடும்பத்துப் பிள்ளையும், பெண் பிள்ளைகளும் அடிக்கலாம் என்ற நிலையில்தான் தப்பு சிகிச்சைக்கு வரவேண்டும். சில பாடசாலை விழாக்களில் அப்படி அடிப்பதைக் காண்கிறேன். அது போதுமான அளவுக்கு இன்னும் பரவவில்லை.

கொழுந்து மலையில் பெண்கள் பாடிய பாட்டுகளை மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்திராவிட்டால் அவற்றில் பெரும்பகுதி மறைந்திருக்கும். கங்காணியைக் கிண்டல் செய்வதும், கடல் கடந்து வந்த வழியை நினைப்பதும், அட்டைக் கடியையும் குளிரையும் சொல்வதுமான பாட்டுகள் அவை. ஒருத்தி அடியெடுத்துக் கொடுக்க அடுத்த நிரையிலிருப்பவர்கள் பின்பாட்டுப் பாடுவார்கள். ஒக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ரொபின் டன்பாரும் அவருடைய குழுவினரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு இவர்களைப் பற்றியதே என்று தோன்றும்: பாடியவர்கள், ஆடியவர்கள், மேளம் அடித்தவர்கள் ஆகியோரின் வலி தாங்கும் எல்லை உயர்ந்தது, இசையை வெறுமனே கேட்டவர்களுக்கு அவ்வாறு உயரவில்லை. உடலே சுரக்கும் எண்டோர்ஃபின் என்ற வலியடக்கி இதற்குக் காரணமாகலாம் என்று அவர்கள் கருதினார்கள். இன்று மலையில் பெண்கள் இடுப்பில் கட்டிய படங்குத் துணிக்குள் கைபேசியை வைத்துப் பாட்டுக் கேட்கிறார்கள். அதற்கு முன் வானொலி இருந்தது. காலையில் ‘பொங்கும் பூம்புனல்’ பாட்டு நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டே வேலைக்குக் கிளம்பிய தலைமுறை என்னுடையது. கேட்பதில் இன்பம் உண்டு, ஆறுதல் உண்டு. நாள் முழுதும் நின்று பாரம் சுமக்கும் முதுகுக்குக் கிடைத்த அந்தப் பழைய நன்மை, வாயைத் திறந்து பிறரோடு சேர்ந்து பாடியதிலிருந்து வந்திருக்குமானால், கைபேசியால் அதை ஈடுசெய்ய இயலாது.

இதே வேறுபாடு துக்கத்தில் இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. எங்கள் தோட்டத்தில் ஒப்பாரியை நாகரிகமற்ற கூச்சல் என்று கருதி முதலில் கைவிட்டவர்கள் என்னைப் போன்று படித்து உத்தியோகம் பார்த்தவர்களின் குடும்பங்களே. இழவு வீட்டில் பெண்கள் வட்டமாக அமர்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு, இறந்தவரை முறை சொல்லி அழைத்துப் பாடுவார்கள். ஒருத்தி தன் குறையைப் பாட்டில் சொல்ல, மற்றவர்கள் அவளுடைய அடியின் முடிவைப் பிடித்துக்கொள்வார்கள். வாழ்நாளில் வாய்விட்டுச் சொல்லமுடியாதவற்றை, மாமியார் கொடுமையிலிருந்து கணவனின் குடிவரை, அங்கே சொல்லலாம். பாட்டில் சொன்னதற்கு எவரும் பிற்பாடு கணக்குக் கேட்பதில்லை. பெட்டி எடுத்ததும் பாட்டு நிற்கும். பிறகு குளிப்பார்கள், உண்பார்கள். எட்டிலும் கருமாதியிலும் அழுகைக்கு மீண்டும் இடம் உண்டு, அதற்கும் ஓர் எல்லை உண்டு.

இப்போது கொழும்பில் கடையிலோ ஆடைத் தொழிற்சாலையிலோ வேலை செய்யும் எங்கள் பிள்ளையொருவர், தாய் இறந்த துக்கத்தை எவ்வாறு கழிக்கிறார்? அடக்கம் முடிந்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ பஸ் ஏறி, விடுதிக் கட்டிலில் படுத்து, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு ஒரே சோகப் பாட்டை இரவெல்லாம் சுழலவிடுகிறார். சோகப் பாட்டு எல்லோருக்கும் கெடுதி என்பதில்லை. பலருக்கு அது மனத்தை இலேசாக்கும். ஆனால் கவலையையே திரும்பத் திரும்ப அசைபோடும் இயல்புடையவர்களுக்கும் மனச்சோர்வுக்கு ஆளாகக்கூடியவர்களுக்கும் சோகப் பாட்டுக் கேட்ட பின் மனநிலை மேலும் தாழ்வதையும், அப்படித் தாழ்ந்தும் அதையே நாடுவதையும் ஆஸ்திரேலிய ஆய்வாளர் சாண்ட்ரா கரிடோ எழுதியிருக்கிறார். ஒப்பாரியும் சோகப் பாட்டுதான். அதில் பதில் குரல் உண்டு, தோளில் ஒரு கை உண்டு, பாட்டை நிறுத்தச் சொல்லும் ஆள் உண்டு. இயர்போனில் இம்மூன்றும் இல்லை. துக்கம் மாதக்கணக்காக நீண்டு, தூக்கமும் உணவும் கெட்டுப்போனால், பாட்டை மாற்றிப் பார்த்துக் காலம் கடத்தாமல் மனநலக் கிளினிக்குக்குப் போகவேண்டும். மாவட்ட மருத்துவமனைகளில் இப்போது அவ்வசதி உண்டு.

தாலாட்டுக்கு வருவோம். குறைமாதத்தில் பிறந்த 272 குழந்தைகளைக் கொண்டு அமெரிக்காவின் 11 மருத்துவமனைகளில் ஜோன் லோவி நடத்திய ஆய்வு 2013இல் வெளியானது. இதயத் துடிப்பை ஒத்த தாளமும், கருப்பைக்குள் கேட்பது போன்ற ஒலியும், பெற்றோர் தேர்ந்தெடுத்த பாட்டைத் தாலாட்டாகப் பாடுவதும் குழந்தைகளின் இதயத் துடிப்பையும் தூக்கத்தையும் பால் உறிஞ்சுவதையும் வெவ்வேறு அளவில் சீராக்கின; பெற்றோரின் பதற்றமும் குறைந்தது. அவை நேரடியாக அளிக்கப்பட்டவை, பதிவுகள் அல்ல. இங்கிலாந்தில் 134 தாய்மாரைக் கொண்டு நடந்து 2018இல் வெளியான இன்னோர் ஆய்வில், பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு கடுமையாக இருந்தவர்களுள், குழந்தையோடு சேர்ந்து குழுவாகப் பாடியவர்கள் மற்றவர்களைவிட விரைவாகத் தேறினார்கள். எங்கள் பிள்ளைக் காம்பராக்களுக்கு இப்போது சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்ற பெயர். சுவருக்கு வண்ணமும் வந்திருக்கிறது. தொங்கும் ஏணையை ஆட்டிக்கொண்டு ஒரே நேரத்தில் நாலு பிள்ளைகளுக்குப் பாடிய பழைய ஆயாமாரின் இடத்தில், சில நிலையங்களில் மேசைமேல் சாய்த்துவைத்த கைபேசி கார்ட்டூன் பாட்டுப் பாடுகிறது. புதிய ஆயாமாரைக் குறை கூற மாட்டேன். பயிற்சி வகுப்புகளில் அவர்களுக்குச் சத்துணவையும் தடுப்பூசியையும் பற்றிச் சொல்கிறார்களே தவிர, பாடத் தெரிந்திருப்பது அந்த வேலைக்கான தகுதி என்று எவரும் சொல்வதில்லை.

மூச்சைப் பற்றிய ஆய்வொன்று எங்கள் தோட்டங்களின் அமைப்புக்கே பொருந்தி வருவது. இத்தாலியின் லூசியானோ பெர்னார்டி 2001இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்டது. இலத்தீனில் செபமாலை சொல்லும்போதும் யோக மந்திரத்தை உச்சரிக்கும்போதும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 முறையாகத் தானே மெதுவாகிறது என்பதும், அந்த வேகத்தில் இதயமும் இரத்தக் குழாய்களும் ஒன்றுக்கொன்று இசைந்து இயங்குகின்றன என்பதும் அதன் முடிவு. மேல் கணக்கு என்ற மேற்பிரிவில் அம்மன் கோயில், கீழ்க் கணக்கில் மாதா கோயில் என்றிருக்கும் தோட்டங்களில் இரு வழியாலும் ஒரே மூச்சுதான் வருகிறது. மார்கழிக் குளிரில் ஆர்மோனியத்தோடும் சிங்கியோடும் லயம் லயமாகப் போகும் பஜனையில், அடிகளை நீட்டிப் பாடும் இடங்களில் இது நிகழலாம். வேகம் பிடித்த பின் நிகழாது. பெர்னார்டியே 2006இல் செய்த வேறோர் ஆய்வில், விரைவான இசை மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் கூட்டியது. இடையில் விடப்பட்ட இரண்டு நிமிட மௌனத்திலோ, இசை தொடங்குமுன் இருந்த அளவையும்விட அவை தாழ்ந்தன. கோயில் திருவிழாவில் மூன்று நாளும் ஓயாமல் ஒலிபெருக்கியை அலறவிடும் நிர்வாகசபையாருக்கு அந்த இரண்டு நிமிடத்தை மட்டுமாவது எடுத்துச் சொல்ல ஆசை. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் 80 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. கூம்பு ஒலிபெருக்கிக்கு அருகே லயம் இருந்தால் அந்த அளவெல்லாம் முதல் நாளிலேயே முடிந்துவிடும்.

இரத்த அழுத்தத்துக்குப் பாட்டு உதவும் என்று கேட்டுவிட்டுக் குளிசையை நிறுத்துவோர் எங்கள் பக்கத்தில் உண்டு. இசையால் ஏற்படும் இறக்கம் சிறியது, பெரும்பாலும் தற்காலிகமானது. குளிசைக்குத் துணையாகுமே தவிர அதன் இடத்தைப் பிடிக்காது.

வீட்டில் முதியவர் இருந்தால், அவர் நன்றாக இருக்கும் காலத்திலேயே அவருக்குத் தெரிந்த பாட்டுகளைக் கேட்டுப் பதிவுசெய்து வைத்துக்கொள்ளுங்கள். பிடித்த சினிமாப் பாட்டு எது என்று மட்டும் கேட்டு நிறுத்தாமல், சிறுவயதில் யார் எதைப் பாடினார்கள், கூத்தில் எந்த வேடம் கட்டினார், கொழுந்து மலையில் எது பாடினார்கள், கோயிலில் எது என்று துருவிக் கேட்க வேண்டும். மெட்டை முனகினாலும் போதும். நினைவு மங்கத் தொடங்கியவர்களிடம் இளமைக்காலப் பாட்டுகளே கடைசிவரை தங்குகின்றன என்பதால், பத்து வயதிலிருந்து இருபத்தைந்து வயதுவரை கேட்டவற்றுக்கு முதலிடம் கொடுங்கள். அறுவைச் சிகிச்சைக்கோ நீண்ட சிகிச்சைக்கோ மருத்துவமனை வாட்டில் சேர்க்கும்போது அந்தப் பதிவையும் ஓர் இயர்போனையும் பையில் வையுங்கள். தாதி மிசியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை. ஒலிபெருக்கியில் போட வேண்டாம். பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு உங்கள் தாத்தாவின் பாட்டு மருந்தாக இராது. அவர் காதிலும் ஏதோ ஒரு பாட்டு இருக்கும்.